ரோபோவின் கண்ணுக்கு ஒரு திரைச்சீலை

"எங்க வீட்டுக்குள்ள நடக்கிறது எங்க வீட்டுச் சுவருக்கே தெரியாது" என்று உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் திரைக்காரம்மா ஒருமுறை முழங்கியது வரலாறு.

முழங்கத் தகுதியும் இருந்தது. ஊரில் பாதி ஜன்னல்களை மூடிவைத்தவள் அவள்தான். திரைச்சீலை தைத்து, ஏணியில் ஏறித் தன் கையாலேயே மாட்டுவாள். துணி காயப்போட்டால்கூட அதன்மேல் ஒரு துணி போட்டு மறைத்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளின் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. புதிதாகக் கட்டிய நாடக அரங்கில் மேடைத் திரை மாட்டும் வேலையை அப்போதுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். வாழ்நாளில் அதைவிடப் பெரிய வேலை வந்ததில்லை. கால் மடங்கி ஏணி ஏறினால் வேலை அவளுக்கு, இல்லையென்றால் அதே தொழில் செய்யும் கொழுந்தனுக்கு. நலம் விசாரிக்க வந்த கொழுந்தன் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் முழங்காலையே பார்த்துவிட்டுப் போனான்.

இந்த நிலையில்தான் மகள் ஒரு ரோபோவைக் கொண்டுவந்து இறக்கினாள். பூசணிக்காய் அளவு உருவம், நெற்றியில் கேமராக் கண், அடியில் சக்கரம். பயிற்சியும் சொல்லித்தருமாம், பேச்சுத்துணைக்கும் ஆகுமாம். வீடே அமர்க்களப்பட்டது. ஓய்வுபெற்ற கண்டக்டரான கணவர் அதன் பின்னாலேயே அறை அறையாக நடந்து, மனைவியின் குறட்டை உட்பட சகலத்தையும் முதல் நாளே ஒப்பித்துவிட்டார். பாவம், அது "அப்படியா?" என்று கேட்டது. இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

திரைக்காரம்மா போர் தொடுத்தாள்.

"உங்கப்பாவை வளைச்சுப் போட்டுருச்சு. நான் நொண்டுற கோலத்தை அது பார்க்க விடமாட்டேன்டி. அது வழியா எவனெவன் பார்ப்பானோ?"

அன்றே தையல் மெஷினில் உட்கார்ந்து ரோபோவின் கண்ணுக்கு ஒரு குட்டித் திரை தைத்தாள். உள்துணி, சுருக்கம், இழுக்க நாடா என்று சகல மரியாதைகளும் அதற்கு உண்டு.

செய்தி லிஃப்டில் ஏறி இறங்கியது. அடுக்குமாடியில் ரோபோ வைத்திருந்தவர்கள் எல்லாம் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவருக்குப் பூப்போட்ட துணி, இன்னொருவருக்கு சோபாவுக்குப் பொருத்தமான நிறம். திரையில்லாத ரோபோவை விருந்தாளிகள் முன் விடுவது கௌரவக் குறைச்சல் என்றாகிவிட்டது. வேவு பார்க்கும் சனியன் வேண்டவே வேண்டாம் என்றிருந்த எதிர்வீட்டு வக்கீல்கூடத் திரையை நம்பி ஒன்று வாங்கிவிட்டார்.

ஒரே ஒரு சங்கடம். திரைக்குப் பின்னாலிருந்து ரோபோ எதையும் பார்க்காமலே பயிற்சி சொல்லிக்கொடுத்தது. "மடக்குங்க... அருமை" என்று அது பாராட்டியபோதெல்லாம் அவள் காலை நீட்டி சோபாவில் சாய்ந்திருந்தாள். கால் கட்டையாகவே கிடந்தது. மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். இந்த வாரத்தை விட்டால் பிறகு கஷ்டம் என்றார். கொழுந்தன் அரங்குக்கே போய் அளவெடுத்துவிட்டதாகக் கேள்வி.

மறுநாள் காலை கணவர் கடைக்குப் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். நாடாவை இழுத்துத் திரையை விலக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கினாள்.

"பாதிதான் மடங்குது. வலிக்குதா, கோபமா? உங்க முகத்துல எது எதுன்னு எனக்குச் சரியாத் தெரியல" என்றது ரோபோ.

"உயிர் போகுது. வெளிய சொல்லித் தொலைக்காத."

"நான் பார்க்கிறது உங்க மகளோட போனுக்கும் போகும். வேண்டாம்னா நிறுத்திடலாம். ஆனா உங்க முகம் அவங்களுக்குப் புரியும்."

திரைக்காரம்மா நொண்டிக்கொண்டே போய்த் தலையை வாரிக்கொண்டு வந்தாள். நாற்காலியை அந்தக் கண்ணுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பார்க்கட்டும். நீ எண்ணு."