குணவதி வீட்டுக் காதுகள்

பினாங்கு லிட்டில் இந்தியா சேலைக் கடையில் குணவதி நிற்கும் நாளெல்லாம் வேடிக்கைதான். கடைக்குள் நுழையும் சீனப் பெண்கள் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து ஹொக்கியன் மொழியில் மடமடவென்று பேச ஆரம்பிப்பார்கள். அவள் ஒரு சொல்லும் புரியாமல் சிரித்துக்கொண்டு நிற்பாள். தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்தவர்களோ அவளிடம் இங்கிலீஷைப் பிய்த்துப் பிய்த்து, கையாலும் காட்டி விலை கேட்பார்கள். "இது சாஃப்ட் சில்க் அக்கா, கட்டினா உடம்போட நிக்கும், கஞ்சி போட வேணாம்" என்று அவள் தொடங்கியதும் வாயைப் பிளப்பார்கள். அவளுக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. அந்த ஒரு நொடிக்காகவே சிலரைக் கொஞ்சம் கை காட்டிப் பேச விட்டுவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பாள்.

மாலையில் அவளைக் கூட்டிப் போக அவள் புருஷன் திருநாவுக்கரசு வருவான். கன்னங்கரேலென்று, கட்டை மீசையோடு இருப்பான். மீ என்கிற நூடுல்ஸ் செய்யும் ஒரு சீனக் கம்பெனிக்கு லாரி ஓட்டுகிறவன். கடையில் நிற்கும் சீனப் பெண்களிடம் ஹொக்கியனில் வெளுத்து வாங்குவான். "எங்க வீட்டுல சீனன் நான்தான்" என்பது அவன் வழக்கமான கேலி.

குணவதி பிறப்பால் சீனப் பெண். சீனக் கணக்குப்படி புலி வருடத்தில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று பெற்றவர்கள் பயந்ததாகக் கேள்வி. தொப்புள்கொடி விழும் முன்பே, தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த, பிள்ளையில்லாத ஒரு தமிழ்த் தம்பதியின் கைக்கு வந்துவிட்டாள். அவர்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்து வளர்த்தார்கள். தமிழ்ப் பள்ளியில் படித்தாள், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தாள், கோபம் வந்தால் சுத்தத் தமிழில் திட்டினாள்.

அவளுக்கு ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. தன்னைப் போல் ஒரு உடம்பை அவள் பார்த்ததே கிடையாது. "உனக்கு உங்க மாமா மூக்கு", "இது அப்பத்தா நெத்தி" என்றெல்லாம் ஊர் முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். அவள் மூக்கு யாருடையது என்று சொல்ல ஆளில்லை. எனக்கென்று பிள்ளை பிறந்தால் அதனிடம் என்னுடையது ஏதாவது ஒன்று இருக்கும் என்று கல்யாணத்துக்கு முன்பே ஆசைப்பட ஆரம்பித்துவிட்டாள். சிவப்பாகப் பிள்ளை வேண்டுமென்று ஏங்குகிறாள் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நிறம் யாருக்கு வேண்டும்? ஒரு மூக்கு போதும். அதுவும் இல்லையென்றால் ஒரு நகம் போதும்.

மூத்தவள் ஷர்மினி பிறந்தாள். அப்பனை உரித்து வைத்திருந்தாள். அதே பெரிய கண், அதே சுருட்டை முடி, கட்டைவிரலைத் தாண்டி நீளும் அதே இரண்டாவது கால்விரல். அரசுவின் அக்கா சந்திரிகா அந்த விரலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

போதாக்குறைக்கு, குளிப்பாட்டிய ஒரு நாள் பிள்ளையின் காதோரத்தைத் துடைத்த பஞ்சில் பழுப்பாய், பிசுபிசுவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. குணவதிக்கு உயிரே போய்விட்டது. அவள் காதில் எடுத்தால் தவிடுபோல் காய்ந்து உதிரும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். அடுத்தவர் காதை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? பிள்ளைக்குக் காது சீழ் பிடித்துவிட்டது என்று அழுதுகொண்டே கிளினிக்குக்கு ஓடினாள். டாக்டர் பார்த்துவிட்டு, "இது வெறும் குறும்பிம்மா, காது அழுக்கு" என்று சொல்லிச் சிரித்தார். சந்திரிகா இந்தக் கதையைப் பினாங்கு முழுக்கப் பரப்பினாள். "உனக்குக் காது பாக்கத் தெரியல, விடு" என்று அந்த இலாகாவையும் தானே எடுத்துக்கொண்டாள். புக்கிட் தெங்காவிலிருந்து ஞாயிறுதோறும் பாலம் கடந்து வந்து, பிள்ளையை மடியில் போட்டுக் காது பார்ப்பாள்.

இரண்டாவது கோகிலன். அவனும் அரசுவின் ஃபோட்டோஸ்டேட். குணவதி அத்தோடு ஆசையை மூட்டை கட்டி வைத்தாள்.

ஷர்மினி பதினாறு வயதில் நான்காம் படிவம் படித்த வருடம், நாற்பதை எட்டிய குணவதிக்கு மசக்கை வந்தது. கடைப் பெண்கள் கிண்டலடித்தே கொன்றார்கள். அரசு வெட்கத்தில் லாரியை விட்டு இறங்காமல் திரிந்தான். குணவதிக்கோ மூட்டை தானாக அவிழ்ந்துகொண்டது. சேலை மடிக்கும்போது சிரித்தாள், ரசம் தாளிக்கும்போது பாடினாள். இந்தத் தடவை ஒன்றாவது இருக்கும் என்று அவள் மனசு அடித்துச் சொன்னது.

குகன் பிறந்தான். பெரிய கண். சுருட்டை முடி. இரண்டாவது விரல் முந்திக்கொண்டு நின்றது.

"எங்க ரத்தம் ஸ்ட்ராங் லா, குணா" என்றாள் சந்திரிகா. "கட்டிக்கிட்டு வந்தவங்க சாயல் ஒட்டவே ஒட்டாது."

அவள் கெட்டவள் இல்லை. பெருமை தாங்காமல் சொல்வதுதான். ஆனால் அன்று குணவதி குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள். பிள்ளை நல்லபடியாக இருக்கிறானே, இதற்கு அழலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டு, மறுபடியும் அழுதாள்.

குகனுக்குக் கழுத்து நின்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஃப்ளாட்டில் எல்லோரும் இருந்தார்கள். சந்திரிகா குளித்த பிள்ளையை மடியில் சாய்த்துக் காதைத் துடைத்தவள், பஞ்சைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"குணா, இங்க வா. பையன் காதுல என்னமோ கோளாறு. தவிடு மாதிரி உதிருது. தம்பிய கெரேத்தாவ ஸ்டார்ட் பண்ணச் சொல்லு, கிளினிக் போவோம்."

குணவதி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். பஞ்சை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இதுல என்னண்ணி இருக்கு? எனக்கும் இப்படித்தானே."

"உனக்கா?"

"ஆமா. எப்பவும்."

சந்திரிகா பிள்ளையை அரசுவின் மடியில் போட்டுவிட்டு, ஹேண்ட்போன் விளக்கைப் போட்டு குணவதியின் காதுக்குள் பார்த்தாள். பிறகு சோற்றில் கை வைத்திருந்த தம்பியின் தலையைத் திருப்பினாள். கோகிலன் கக்கூசுக்குள் ஓடப் பார்த்தான், சட்டையைப் பிடித்து இழுத்து அவன் காதையும் பார்த்தாள். வீடே தலைகீழாகியது. கடைசியில் தீர்ப்பு வந்தது: அம்மாவுக்கும் கைப்பிள்ளைக்கும் காய்ந்த காது, மற்றவர்களுக்கெல்லாம் ஈரம்.

"வியாதி இல்ல அத்தை" என்றாள் ஷர்மினி. பயாலஜி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றிருந்தாள். "டீச்சர் கிளாஸ்ல சொன்னாங்க. ஒவ்வொரு குணத்துக்கும் நமக்கு ரெண்டு ரெண்டு ஜீன் இருக்கும். ஒண்ணு அம்மா குடுக்கறது, ஒண்ணு அப்பா குடுக்கறது. ஈரக் காது டாமினண்ட். ஒண்ணே ஒண்ணு வந்தாலும் அதுதான் வெளிய தெரியும். காஞ்ச காது ரெசெசிவ். ரெண்டு பக்கமும் குடுத்தாத்தான் தெரியும்."

ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று தமிழில் அழகாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். சந்திரிகாவுக்கு ஓங்கினது மட்டும் உடனே புரிந்தது.

"சரி, இது குணா குடுத்தது."

"ஒண்ணு அம்மா. இன்னொண்ணு அப்பா."

"உங்க அப்பனுக்குத்தான் ஈரமா இருக்கே."

"அப்பாகிட்ட ஒண்ணு ஒளிஞ்சிருக்கு அத்தை. இல்லன்னா பாப்பாவுக்கு வந்திருக்காது. நம்ம ஆளுங்கள்லயும் நெறைய பேருக்கு இருக்காம். உங்களுக்குள்ளயும் இருக்கலாம்."

சந்திரிகாவின் கை தன்னையறியாமல் காதுக்குப் போனது. அரசு சோற்றுக் கையோடு சிரித்ததில் அவனுக்குப் புரையேறியது. சந்திரிகா ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், சித்தப்பா மகனில் ஆரம்பித்து ஒவ்வொரு சொந்தக்காரரையாய்க் கூப்பிட்டு, "காதுல என்ன வருது, நெசத்தச் சொல்லு" என்று விசாரிக்கத் தொடங்கினாள்.

குணவதி குகனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் காதைப் பார்த்தாள், முகர்ந்தாள், முத்தம் கொடுத்தாள். சிரிப்பு அடக்க முடியாமல் வந்தது, கண்ணிலிருந்தும் வழிந்தது. ஒரு மூக்கு கேட்டவளுக்கு ஒரு சிட்டிகை தவிடு கிடைத்திருக்கிறது. அவளுக்கு அது மலையளவு இருந்தது. பிறகு வாசலில் நின்ற மகளைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

"அப்ப உனக்கும் கோகிலனுக்கும் என்னோடது ஒண்ணும் வரலையா?"

"வராம எப்படிம்மா? உங்களுது காஞ்ச காதுன்னா, உங்ககிட்ட இருக்கற ரெண்டுமே அதுதான். குடுக்கறதுக்கு வேற இல்ல. எங்க மூணு பேருக்கும் ஒண்ணு ஒண்ணு கண்டிப்பா குடுத்துட்டீங்க. எனக்குள்ளயும் இருக்கு. அப்பாவோடது மேல நிக்குது, அதான் தெரியல."

குணவதி குகனைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மடியைத் தட்டினாள்.

"படு."

"எனக்கு ஈரக் காதும்மா. பாத்தா ஒண்ணும் தெரியாது."

"தெரியாட்டி போவுது. படு."

பதினேழு வயதுப் பெண் தரையில் காலை நீட்டி அம்மா மடியில் தலை வைத்தாள். குணவதி சுருட்டை முடியை ஒதுக்கி, ஹேண்ட்போன் வெளிச்சத்தைக் காதுக்குள் பிடித்தாள். பழுப்பாய், பிசுபிசுவென்று, அச்சாய் அப்பாவின் காது.

"முடிஞ்சிச்சா?" என்றாள் ஷர்மினி.

"ஆடாத" என்று சொல்லிவிட்டு, குணவதி பார்த்துக்கொண்டே இருந்தாள்.