மீசய பறிகுடுத்த மழ நாளு

போன வாரம் பூரா மழ. நான் இப்ப கோலாசிலாங்கூர்ல மவன் வீட்டோட இருக்கேன். சனிக்கெழம மத்தியானம் கரண்டு போயிருச்சு. டீவி இல்ல, போன்லயும் ஒன்னும் ஓடல. மருமவ நாலு தடவ ஐஸ்பெட்டிய தொறந்து பாத்துட்டு ஒன்னும் எடுக்காம மூடுனா. "என்னா மாமா, ஒரே போரா இருக்கு லா"ன்னா. மவன் தூங்கி எந்திரிச்சு மறுபடியும் தூங்கப் போனான். பக்கத்து வீட்டுக்காரன் வெளிய பலகை அடுக்கி வெச்சிருக்கான். அது நனஞ்சு ஒரு வாசம் வந்துச்சு பாருங்க, ஈர மரப்பட்ட வாசம். வயசுல தோட்டத்துல மரம் சீவுன எனக்கு ரப்பர் மரம் ஞாபகம் வந்துருச்சு.

ஒங்களுக்குத் தெரியுமோ என்னமோ, ரப்பர் மரம் நனஞ்சிருந்தா பாலுக்கு பட்டைய சீவக் கூடாது. வெட்டுன கோட்டுல பாலு நிக்காது, மரம் பூரா வழிஞ்சு வீணாப் போயிரும். அதனால காலைல மழ பேஞ்சா, பேர் கூப்புடுற கொட்டாயிலயே ஒக்காந்து மரம் காயட்டும்னு பாத்துகிட்டு இருக்கணும். வேலையும் இல்ல, வீட்டுக்கும் போவ முடியாது. எங்கள வேல வாங்குற மண்டோரு அப்பப்ப போயி ஒரு மரத்த தடவிப் பாத்துட்டு வந்து "இன்னும் ஈரம்"பாரு. நோய்ல கெடக்குற சொந்தக்காரன தடவுற மாதிரி தடவுவாரு மனுசன். அத பாக்குறதே எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

மத்தபடி பொம்பளைங்க பேன் பாப்பாங்க. கோவிந்தன்னு ஒருத்தன், தூணுல சாஞ்சு நின்னுகிட்டே தூங்குவான், கொறட்ட கூட வரும். மிச்ச பேரு ரப்பர் கொட்ட ஒடைப்போம். ஒரு கொட்ட மேல இன்னொரு கொட்டய வெச்சு, உள்ளங்கையால ஓங்கி ஒரு அடி. எது வெடிக்குதோ அவன் தோத்தான். காசு வெச்சு ஆடக் கூடாதுன்னு மண்டோரு சொல்லிட்டாரு. அதனால தோத்தவன் கைலிய தலையில கட்டிகிட்டு கொட்டாய சுத்தணும், இல்ல கோழி மாதிரி கூவணும், இந்த மாதிரி கிறுக்குத்தனம்தான்.

எங்கிட்ட ஒரு கொட்ட இருந்துச்சு, அடுப்புக்கு மேல ஒரு வருசம் புகையில காஞ்சது. பதினாலு ஆள செயிச்சது. ஒரு மழ நாளு, தோட்டத்துல எங்க பக்கத்து வீட்டு அஞ்சலக்கா கேட்டுச்சு, "தம்பி, நீ செயிச்சா ஒரு மாசம் ஒங்க வீட்டுக்கு நான் தண்ணி தூக்குறேன். தோத்தா அந்த மீசய குடுத்துடுறியா?"

அந்த வாரம் ஞாயித்துக்கெழம எனக்கு சுங்கை பெசார்ல பொண்ணு பாக்கப் போறோம். மீசயோட புடிச்ச படத்த அவங்களுக்கு முன்னாடியே குடுத்தாச்சு. எனக்குத் தெரியாமயா? தெரியும். ஆனா சும்மா ஒக்காந்திருக்குறவனுக்கு ஞாயித்துக்கெழம ரொம்ப தூரம்.

"சரி வெய்யிக்கா"ன்னேன்.

ஒரே அடி. என்னோடதுதான் வெடிச்சிச்சு. பாலு புடிக்கிற மங்குல சவுக்காரம் கொழச்சு, புருசன் கத்திய கொண்டாந்து அக்காவே செரச்சிவிட்டுச்சு. செரச்சி முடிக்கவும் வெயில் அடிக்கவும் சரியா இருந்துச்சு. அன்னிக்கு பூரா மேல் ஒதடு ஜில்லுன்னு இருக்க மரம் சீவுனேன்.

ஞாயித்துக்கெழம ரெண்டு பஸ் மாறிப் போனோம். நானு, எங்கம்மா, அப்புறம் "பாவம் பண்ணவ நானும் வரேன்"னு அஞ்சலக்கா. பொண்ணோட அப்பா படத்த பாத்தாரு, என்னைய பாத்தாரு.

"இந்தப் படத்துல இருக்குறது யாரு?"

"இவந்தாங்க. காய்ச்ச வந்து மீச கொட்டிப் போச்சு"ன்னு எங்கம்மா சொன்னுச்சு. தலமுடி அப்புடியே இருக்கு, மீச மட்டும் கொட்டுற காய்ச்ச!

"அண்ணன் படத்த காட்டிட்டு தம்பிய கூட்டியாந்தீங்களா? நாங்க என்னா கேணப் பசங்களா?" படத்த குப்புற வெச்சிட்டாரு. உள்ள இருந்து வந்த கோப்பி தட்டு பாதியிலயே திரும்பிப் போயிருச்சு. உண்மய சொன்னா பந்தயம் கட்டுறவனுக்கு பொண்ணு இல்லம்பாரு. சொல்லலன்னா ஏமாத்துக்காரன்.

அஞ்சலக்காதான் வாயத் தொறந்துச்சு. "அண்ணே, நான்தாண்ணே செரச்சேன். மழ நாளுண்ணே. மரம் காயல. கொட்ட ஒடச்சோம்."

அவரு குப்புற வெச்ச படத்த திருப்பிப் பாத்தாரு. அப்புறம் கேட்டாரு, "எத்தன மணிக்கு காஞ்சிச்சு?"

"பத்தரைக்கு மேல ஆயிருச்சு"ன்னுச்சு அக்கா.

"பத்தர வரைக்கும் சும்மா ஒக்காந்திருக்க முடியாதுதான்"னாரு. "எங்க தோட்டத்துல எனக்கும் ஒரு தடவ இப்புடித்தான் ஒரு பக்கத்து புருவம் போச்சு."

உள்ள ஒரு பொண்ணு சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கோப்பி வந்துச்சு. நல்ல இனிப்பு.

அவளதான் கட்டுனேன். அவளும் எங்க தோட்டத்துலயே மரம் சீவுனா, ரெண்டு பேரும் எத்தனயோ மழய அந்தக் கொட்டாயில ஒக்காந்து ஓட்டுனோம். ரெண்டாவது புள்ள பொறந்த பொறவு ரப்பர் மரத்த எல்லாம் சாச்சிட்டு எண்ணெ எடுக்குற செம்பனை நட்டாங்க. நட்டு மொத மழ, காலைல நல்லா அடிச்சு ஊத்துது. நாங்க எல்லாரும் பழக்கத்துல கொட்டாயில போயி ஒக்காந்துட்டோம். புது மண்டோரு வந்து பாத்தான்.

"என்னா ஒக்காந்துட்டீங்க? பனை நனஞ்சா நனையுது, அதுல என்னா பாலா வழியுது? போங்க, போங்க!"

யாரும் எந்திரிக்கல. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அப்புறம் எம்பொண்டாட்டிதான் ஒரம் வந்த ஒரு சாக்க மடிச்சு தலையில கவுத்துகிட்டு மழயில எறங்குனா. "வாங்க, என்னா பாக்குறீங்க"ன்னா. நானும் எந்திரிச்சேன். அன்னிக்குதான் அங்க கடைசியா சும்மா ஒக்காந்தது, அதுவும் ஒரு அஞ்சு நிமிசம் இருக்கும்.