அயர்லாந்துச் சாவுக்கு எண்ணூரில் வந்த மாலை

"வடசென்னைப் பொண்ணு, வாய் சும்மா இருக்காது. இழவு வீட்டுக்காரங்ககிட்ட நீ எப்படிம்மா பேசுவ?" என்று கேட்டார் எங்கள் டீம் லீடர்.

அயர்லாந்தின் ஓர் இன்டர்நெட் கம்பெனிக்காகப் பேசும் கால் சென்டரில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான்; எதை எழுதினாலும் இதை முதலில் எழுதிவிடுவேன். வாடிக்கையாளர் இறந்துபோனால் வீட்டார் கூப்பிடுவார்கள், இணைப்பை மூடிக் கொடுக்க வேண்டும். அதுதான் என் டெஸ்க். புதிதாக இதற்கு வரும் பெண்களுக்காக ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

1. உயிரோடு இருந்தால் மட்டும்

அன்று எங்கள் குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் சுருக்குவலை போட்டு மீன் பிடிப்பதில் தகராறு. ரோடெல்லாம் கல். டோல்கேட் வரைகூட பஸ் இல்லாததால் வீட்டிலிருந்தே லாகின் செய்தேன்.

மதியம் ஒன்றரைக்கு ஷிவான் என்ற பெண் கூப்பிட்டார். அவருடைய அப்பா இறந்துவிட்டார். டிவி சேனல்களை மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். எங்களில் யாரோ 'இறப்பு' என்று அழுத்த, மொத்த இணைப்பும் போய்விட்டது. அப்பா சவப்பெட்டியில், வீட்டு முன்னறையில். நம் நேரம் மூன்றரைக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வர முடியாத தம்பி அதற்குள் வீடியோவில் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். செல்போன் சிக்னல் இல்லாத ஊர். வேறு கம்பெனியின் பழைய லேண்ட்லைனில்தான் ஷிவான் பேசினார்.

டீம் லீடரைக் கேட்டேன்.

"இறப்புன்னு மார்க் ஆனா திறக்க முடியாதும்மா. அக்கவுண்ட் ஹோல்டரே லைன்ல வந்து, தான் உயிரோட இருக்கறதா சொல்லணும்."

"சார், அவர் பெட்டியில இருக்கார்."

"அப்போ போட்டோ ஐடியாவது அனுப்பச் சொல்லு."

மேனுவலைப் புரட்டினேன். மூடிய இணைப்பிலும் ரிப்பேர் டிக்கெட் போடலாம் என்று இருந்தது. போட்டால் டெஸ்ட் லைன் திறக்கும். ஆனால் ஏஜென்டின் கணினியில் டெஸ்ட் ஓடும்வரைதான் அது உயிரோடு இருக்கும். 'லைன் வேலை செய்யவில்லை' என்று டிக்கெட் போட்டேன். அது பொய்யில்லை. அங்கே வீடியோ வந்தது. இனி மூன்றரை வரை என் வீட்டு நெட் போகக் கூடாது.

2. எந்தப் பக்கத்துச் சாவு

தெருமுனையில் இருக்கும் கேபிள் பெட்டி பக்கத்துக் குப்பத்துக்காரருடையது. அதை வெட்டி எதிரிக்குப் பாடம் புகட்ட எங்கள் குப்பத்துப் பையன்கள் கத்தியோடு கிளம்பினார்கள். தங்கள் நெட்டும் அதில்தான் வருகிறது என்ற யோசனை ஒருவனுக்கும் இல்லை.

மீன் கூடையை வாசலில் போட்டுவிட்டு அம்மா குறுக்கே போய் நின்றாள். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"டேய் நைனா, கை வெச்சே, தொலைச்சுருவேன். என் பொண்ணு சாவு வூட்டோட பேசிக்கினு கீறா."

"யாரு ஆன்ட்டி செத்தது?"

"அயர்லாந்துல ஒரு பெரியவரு."

"அது எந்தக் குப்பம்?"

"கடல் பக்கம்தான் இன்னாங்கறேன்."

"நம்ம பக்கமா, அவனுங்க பக்கமா?"

"கஸ்மாலம், சாவுல இன்னாடா பக்கம்?"

கத்தி இறங்கியது. சாவு வீடு என்றால் எங்கள் பக்கம் கலாட்டா கிடையாது. ஒருவன் ஷாமியானாவுக்குப் போன் போட, அம்மா அதட்டி நிறுத்தினாள்.

ஷிவான் அது என்ன சத்தம் என்று கேட்டார். இருக்கும் ஊரைச் சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லிவிட்டேன், சண்டையையும் சேர்த்து. அவர் சிறுமியாக இருந்தபோது அவர்கள் ஊரிலும் தெருவுக்குத் தெரு சண்டையாம். சவப்பெட்டி வந்தால் கல்லைக் கீழே போட்டுவிடுவார்களாம். "நீ பத்திரமாக இருக்கிறாயா? சாப்பிட்டாயா?" என்றார். ஆறுதல் சொல்ல நான் மனப்பாடம் செய்திருந்த வரிகளில் ஒன்றுகூட இவ்வளவு நன்றாக இல்லை.

மூன்று மணிக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து இரண்டு பேர் ஆளுயர ரோஜா மாலையோடு வந்தார்கள்.

"உங்க பக்கம் சாவாமே. பாடி எங்க கீது?"

"அயர்லாந்துல," என்றாள் அம்மா.

"மாலையை இன்னா பண்றது?"

அம்மா அதை வாங்கிக் கேபிள் பெட்டிக்குப் போட்டாள். மாலை போட்ட பெட்டியை அதன்பிறகு யாரும் தொடவில்லை.

தம்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பாவின் பழைய ஜோக் ஒன்றைச் சொன்னார், அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் அழுவது லேண்ட்லைன் வழியாக எனக்குக் கேட்டது. மூன்றரைக்குச் சவப்பெட்டியை மூடினார்கள். டெஸ்ட்டை நிறுத்தினேன்.

3. மெமோ

மறுநாள் மெமோ வந்தது. ஒரே போன் கால் இரண்டு மணி நேரம், தவறான டிக்கெட், ஊரை வெளியிட்டது. மூன்றும் நான் செய்தவைதான்.

நான் கற்றது இது: சாவு நடந்த வீட்டில் ஆள் கணக்கு ஒன்று குறைகிறது, பேச வேண்டியவர்கள் நூறு பேராகிறார்கள். அந்த வாரம் மூடக் கூடாத இணைப்பு அதுதான்.

மெமோவுக்குப் பதிலில் மன்னிப்பு எழுதவில்லை. 'இறப்பு' என்று அழுத்தினாலும் முப்பது நாள் லைன் ஓட வேண்டும் என்று ஒரு புதிய விதியை எழுதி, டீம் லீடருக்கும் அயர்லாந்துத் தலைமை அலுவலகத்துக்கும் சேர்த்து, என் முழுப் பெயரோடு இன்று காலை அனுப்பிவிட்டேன்.