தோசைக்கல்லில் வறுத்த பிரேக்

மலையிறங்கி வரும் பஸ் அடிவாரத்தில் வந்து நிற்கும்போது ஒரு வாசனை எழும். ரப்பர் கருகினதும் இல்லை, இரும்பு சுட்டதும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. வளைவுக்கு வளைவு பிடித்துப் பிடித்து இறங்கிய பிரேக்கின் வாசனை. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்குத் தோசை ஞாபகம் வரும். காரணம் என் மச்சினன்.

எங்கள் வீடு மலைமேல் பைல் நாடு என்கிற பகுதியில் ஒரு மேட்டின் தலையில் இருக்கிறது. மிளகுத் தோட்டம் கீழே பள்ளத்தில். நடுவே செம்மண் தடம். மழை பெய்தால் அது தடமில்லை, சறுக்கு. தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் ஏறி நிற்கும் கொடிகள் எல்லாம் என் மனைவி வைத்தவை. என்னோடு பேசியதைவிட அவற்றோடு அதிகம் பேசியிருக்கிறாள். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. மேடு ஏறலாம், பள்ளம் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இறங்காமல் எப்படி ஏறுவது?

அதற்காகத்தான் அந்த வண்டியை வாங்கினேன். வாசலூர்பட்டி ஏரிப் பக்கம் ஒரு விடுதியில், வருகிறவர்கள் எல்லாம் ஓட்டித் தேய்த்து ஓரங்கட்டிய, மேடுபள்ளத்தில் ஓடுகிற ஏடிவி வண்டி. நாலு குண்டுச் சக்கரம், பச்சை நிறம், குந்தி உட்கார்ந்த தோற்றம். என் மனைவி பார்த்தவுடன் ‘தவளை’ என்று பேர் வைத்துவிட்டாள். தவளைக்குக் குரலும் இருந்தது. பிரேக் பிடித்தால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிற மாதிரி கிறீச்சிடும். பின்னால் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேனும் அவள் தோட்டத்துக்குப் போய் வந்தாள். அந்த மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று.

அப்புறம் மச்சினன் வந்தான். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் டீக்கடை வைத்திருக்கிறான். வந்த வீட்டில் சும்மா உட்காரத் தெரியாது. கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு கிளம்பினான். கேட்டுக்கு விட்டான், கதவுக்கு விட்டான், கிணற்று உருளைக்கு விட்டான். வீடே ஊமையானது. கடைசியில் தவளைக்கும் விட்டான். சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடு, அதைக் கவ்வுகிற பேட், இரண்டுக்கும் சரிசமமாக.

மறுநாள் காலை அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு போகையில் சரிவில் பிரேக்கைப் பிடித்தேன். சத்தமே இல்லை. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். வண்டியும் நிற்கவில்லை என்பது அடுத்த நொடியில்தான் புரிந்தது. ஏற்கெனவே கொழகொழவென்றிருந்த லீவர் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. ஹேண்டிலை ஒடித்து மரவள்ளிக் காட்டுக்குள் விட்டேன். குச்சிகள் படபடவென்று முறிந்து எங்களைத் தாங்கிக்கொண்டன. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவள் தலையில் இலையோடு இறங்கி, மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"இனி தவள மேல உக்கார மாட்டனுங்க," என்றாள், திரும்பாமலே.

வீட்டில் மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். "சத்தம் போடுதேன்னு பாவப்பட்டு உட்டனுங்க மாமா."

"உம்பட பாவத்துக்கு நாங்கதான் கெடச்சமா சாமி?" என்றாள் அக்காக்காரி.

அப்போது மிளகுச் சரம் தோறும் ஒன்றிரண்டு மணி சிவக்கத் தொடங்கியிருந்தது. பறிக்கிற பருவம் அதுதான். எந்தக் கொடியை இன்று பறிப்பது, எதை இன்னும் விடுவது என்பது அவள் கண்ணுக்குத்தான் தெரியும். அவள் இல்லாமல் ஆள்விட்டால் பச்சையும் பிஞ்சுமாக உருவிப் போட்டுவிடுவார்கள். அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நானோ ஓரிடத்தில் நிற்காதவன்; அவளுக்காக அடுப்படிக்கும் வாசலுக்கும் இன்னும் வேகமாக நடந்தேன்.

கம்பெனிக்குப் போன் செய்தால் பிரேக் செட்டை மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். சொன்ன விலைக்கு இன்னொரு கிழட்டுத் தவளையே வாங்கிவிடலாம். மச்சினன்தான் வழி கண்டுபிடித்தான். பேட்டைக் கழற்றிச் சூடாக்கினால் குடித்த எண்ணெயைக் கக்கிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து, தோசைக்கல்லில் நாலு பேட்டையும் வரிசையாக வைத்துத் திருப்பிப் போட்டு வறுத்தான். நான் கரண்டி எடுத்துக் கொடுத்தேன். மலையடிவாரமே எங்கள் அடுப்படிக்குள் வந்துவிட்டது போல வாசனை. புகைக்குள் ஈரத் தலையோடு அவள் வந்து நின்றாள்.

"ஏனுங்க, சட்னி என்ன, தேங்காயா தக்காளியா?"

மச்சினன் அடுப்பை அணைத்தான். பேட் எண்ணெயைக் கக்கவில்லை. விளிம்பில் வெடித்ததுதான் மிச்சம். அந்தக் கல்லை அவள் இடுக்கியால் தூக்கி வெளியே வைத்துவிட்டு, "இதுல இனித் தோச சுட்டா மனுசன் திங்கோணுமா?" என்றாள்.

நானும் அவனும் பேட்டையும், பிரேக் ஆயில் ஓடுகிற, உப்பிப்போன ரப்பர் குழாய்களையும் பையில் போட்டுக்கொண்டு சேந்தமங்கலம் இறங்கினோம். அவன் கடைக்கு எதிரிலேயே ஒரு பைக் ஸ்பேர் கடை. பெட்டி பெட்டியாகப் பிரித்து எங்கள் பேட்டோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். காது நீளம், முதுகு அகலம், ஒன்றும் ஒக்கவில்லை. கடைக்காரர் போன் பேசிக்கொண்டே கொட்டாவி விட்டார். ஒரு பழைய பைக்கின் முன் பேட் மட்டும் அச்சு அசலாக உட்கார்ந்தது. மச்சினன் போட்ட கூச்சலில் கடைக்காரர் போனைக் கட் செய்துவிட்டார். அந்தப் பழைய குழாய்களுக்குப் பதிலாக அதே நீளத்தில் பைக் குழாய்கள், மூடி திறக்காத பிரேக் ஆயில் ஒரு டப்பா. எல்லாம் ஒரு சிறு பையில் அடங்கிவிட்டது. பஸ் ஏறும் முன் மச்சினன் ஓடிப்போய்ப் புது இரும்புத் தோசைக்கல் ஒன்றும் வாங்கி வந்தான்.

தகட்டைச் சோப்புப் பொடி போட்டு இரண்டு தடவை கழுவித் துடைத்தோம். பேட்டும் குழாயும் மாட்டினோம். இனி குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் லீவரை அழுத்திப் பிடிக்க, ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட, ஒருவர் மேலே ஆயில் குறையாமல் ஊற்ற வேண்டும். நாங்கள் இருவர்தான். மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவள் பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை வண்டிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அழுத்தக்கா... புடிச்சுக்க... உடு."

"என்றா இது, சாணி மாரிக் கொழகொழன்னு இருக்குது?"

"அதுதான் காத்து. அழுத்து... புடி... உடு."

திருகிலிருந்து கறுப்பு ஆயில் குமிழியோடு வந்தது. வரவர நிறம் தெளிந்தது. குமிழி சிறுத்து, நின்றது. அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கணத்தில் புருவம் உயர்ந்தது. லீவரை விட்டாள், திரும்பப் பிடித்தாள். யாரும் சொல்லாமலே இன்னொரு தடவை பிடித்தாள். பாதி வழியில் அது கல்லாக நின்றது. பால் கறக்கிறவளுக்கு மடி தெரிவது போல அது அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

இருந்தும் ஏறவில்லை. அவள் உட்காரும் இடத்தில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு நான் சரிவில் இறங்கினேன். புது பேட் தகட்டோடு பழக வேண்டும் என்று மெல்லப் போய்ப் போய் நிறுத்தினேன். நிறுத்திய இடத்தில் நின்றது. நடுச்சரிவிலும் நின்றது. அந்தக் கருகல் வாசனை லேசாக வந்து போனது. மேலே திரும்பி வந்து, "பாத்தியா?" என்றேன்.

"கெழங்குக்கு முட்டி வலிக்குமுங்களா? அதுபாட்டுக்கு உக்காந்துட்டு வருது," என்றாள். பிறகு, "எறங்குங்க."

இறங்கினேன்.

"பொறவால உக்காந்தா உங்க கையையே பாத்துட்டுப் போகோணும். எங்கையில பிரேக்கு இருந்தாப் போறேன்."

கல்யாணத்துக்கு முன்பு இந்த மலையில் மொபெட் ஓட்டியவள் என்பதை நான் மறந்திருந்தேன். முன் பிரேக்குக்கு வலக்கை, பின் பிரேக்குக்கு இடக்கை; காலுக்கு வேலையே இல்லை. வாசலில் நாலு சுற்றுச் சுற்றினாள். சத்தமில்லாமல் நின்றது. மச்சினன் கைதட்டினான். "நீ எண்ணக் கிண்ணத்தத் தொட்டீன்னா கைய ஒடிப்பேன்," என்று அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, என்னைப் பின்னால் ஏறச் சொன்னாள்.

சரிவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மூடவில்லை. முறிந்த மரவள்ளிக் குச்சிகள் இருந்த இடத்தில் வேண்டுமென்றே ஒரு தடவை நிறுத்தினாள், ஒரு மூச்சு விட்டாள், மீண்டும் இறங்கினாள். பள்ளத்தில் குளிர்ச்சியாக மிளகு மணம். வண்டியை மரத்தோரம் நிறுத்தி, முதல் கொடியின் சரத்தை உள்ளங்கையில் ஏந்தி, சிவந்த மணியைத் தடவினாள். "ரொம்ப நாளா வரலீன்னு கோவமா கண்ணு?" என்று கேட்டாள். என்னை இல்லை.

நான் நின்றுகொண்டே இருந்ததைக் கொஞ்சம் பொறுத்துத்தான் கவனித்தாள்.

"நீங்க நடந்து போங்க. மேடு ஏர்றது ஒடம்புக்கு நல்லதுங்க."

"நீ?"

"சாயந்தரமா நானே வாரேன். போயி அந்தப் புதுத் தோசக்கல்ல வெங்காயம் தேச்சுப் பழக்கி வைங்க."