குரோம் பூசிய புல்லி

டெட்ராய்ட்டில் இருபத்தாறு வருடமாகப் பழைய கார்களின் ஸ்டியரிங்கைப் பழுதுபார்க்கும் வெர்னாவுக்கு, இந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"மெக்கானிக் எங்கம்மா?" என்றான் காரைக் கொண்டுவந்த கிளேட்டன், கையில் புதுப் பவர் ஸ்டியரிங் பம்போடு. "திருப்பினா கிறீச்சுன்னு கத்துது, கை ஒடியுது. ரெண்டு பம்பு மாத்தியாச்சு."

"நான்தான்யா மெக்கானிக்!"

பானெட்டைத் திறந்தாள். பம்பைச் சுழற்றும் சக்கரமான புல்லியைக் கழற்றிவிட்டு, கண்ணாடி மாதிரி குரோம் பூசிய புதுப் புல்லியை மாட்டி வைத்திருந்தான். அதில் பிடிமானமில்லாமல் பெல்ட் வழுக்கிக்கொண்டிருந்தது.

"பம்பு என்னய்யா பாவம் பண்ணுச்சு? உன் மினுக்குதான் கோளாறு. பழைய புல்லியையே மாட்டு."

"ஐயோ, அது துருப்பிடிச்சது! ஞாயித்துக்கிழமை கார் கண்காட்சியில எல்லாரும் பார்ப்பாங்களே!"

வெர்னா பானெட்டை அறைந்து சாத்தினாள்.

"அப்போ கண்காட்சியை வளைவே இல்லாத ரோட்டுல வைக்கச் சொல்லு!"