லவோன் வாயை மூடிய நாள்

என் மனைவி லவோன் குசேராவுக்கு வேலை, நோயாளியாக நடிப்பது. சம்பளம் கிடையாது, காப்பியும் டோனட்டும் தருவார்கள். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறி ஓய்வு பெற்றவள் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் என் காது தாங்காது என்று நான்தான் எங்கள் ஊர்த் தொழிற்கல்லூரிக்கு அழைத்துப் போனேன்.

நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் பஸ் ஏறி அங்கே வருவார்கள். முதியோரைப் பராமரிக்கும் உதவியாளர் படிப்பு. பாஸானால் பள்ளிக் கணக்கிலும் மதிப்பெண், கல்லூரிக் கணக்கிலும் மதிப்பெண். ஒரே கோழியை இரண்டு சந்தையில் விற்கிற மாதிரி. எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்திருந்தால் நான் ஏன் தானியக் கிடங்கில் தூசி தின்று கிடக்கப்போகிறேன்?

பிள்ளைகள் பழகுவதற்கு நிஜ உடம்பு வேண்டும். லவோன் படுப்பாள், புரளுவாள், பல் தேய்த்துவிடச் சொல்லி வாயைத் திறப்பாள். திறந்த வாய் மூடாது. “எனக்கு இடது பக்கம்தான் விழுந்துபோச்சு கண்ணு, வாய் விழல” என்று ஆரம்பித்தால், கோழிப் பண்ணையிலிருந்து பாதிரியாரின் முழங்கால் வலி வரைக்கும் போகும்.

பிள்ளைகளில் யெசெனியா என்றால் அவளுக்கு உயிர். இறைச்சி ஆலையில் வேலை பார்ப்பவர்களின் மகள். கை சுத்தம், மனசு சுத்தம். தேர்வு என்றால் மட்டும் பதறி ஏதாவது ஒன்றை மறந்துவிடுவாள். இரண்டு முறை தோற்றுவிட்டாள். மூன்றாவதுதான் கடைசி. அதிலும் கோட்டைவிட்டால் மொத்தப் படிப்பையும் மறுபடி படிக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் அவளுக்காக வைத்திருந்த வேலையும் கைநழுவும்.

அந்த மூன்றாவது தேர்வு அன்று, நோயாளியாக நடிக்கும் இன்னொருவருக்குக் காய்ச்சல். லவோன் என்னை இழுத்துப்போய்ப் பக்கத்துக் கட்டிலில் போட்டாள். தேர்வாளர் திருமதி ஓல்சன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“மிஸஸ் குசேரா, ஊர்க்கதை எவ்வளவு வேணா பேசுங்க. ஆனா பொண்ணு செய்யற வேலையப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது. கண்ணு காட்டினாலும் ஃபெயில்தான்.”

“நான் எதுக்கு சொல்றேன்? எனக்குப் பேசவே பிடிக்காது” என்றாள் லவோன். எனக்கு இருமல் வந்துவிட்டது.

அவளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். யெசெனியா கை கழுவினாள், திரையை இழுத்தாள், லவோன் காலில் செருப்பு மாட்டினாள், பிடித்துத் தூக்க இடுப்பில் பட்டை கட்டினாள். லவோன் தன் தங்கை வாங்கிய வான்கோழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். யெசெனியா நாற்காலியைக் கட்டிலருகே நகர்த்தி, லவோனின் இடுப்புப் பட்டையைப் பிடித்தாள். வான்கோழி பாதியில் நின்றது.

அறையே அமைதியானது. நான் அப்பாடா என்று கண்ணை மூடினேன்.

“மிஸஸ் குசேரா? என்னாச்சு? ஏன் பேச மாட்டேங்கிறீங்க? மயக்கமா வருதா?” யெசெனியாவின் குரல்.

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். லவோன் மேற்கூரையைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். யெசெனியா பட்டையை விட்டாள். லவோனின் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். குனிந்து, போட மறந்திருந்த பிரேக்கை இரண்டு சக்கரத்துக்கும் போட்டாள்.

“அப்புறம் அந்த வான்கோழி இருக்கே...” என்றாள் லவோன்.

எல்லாம் முடிந்ததும் திருமதி ஓல்சன் பேனாவை மூடாமல் நின்றார். “நீங்க சைகை காட்டினீங்களா?”

“வாய மூடிக்கிட்டுதானே இருந்தேன்? நீங்கதானே ஒரு வார்த்தை வரக் கூடாதுன்னீங்க?”

ஓல்சன் மதிப்பெண் தாளைத் திருப்பினார். “நோயாளி திடீர்னு மாறினா கவனிக்கணும். அதுக்குத்தான் இந்தப் படிப்பே” என்று சொல்லி, பாஸ் போட்டார். யெசெனியா அழுதாள். லவோனும் அழுதாள். நானும் மூக்கைச் சிந்தினேன், ஒத்துக்கொள்கிறேன்.

திரும்பும்போது காரில் லவோன் கேட்டாள். “ஏம்ப்பா மில்டன், நான் பேச்ச நிறுத்தினதும் அந்தப் பொண்ணு பதறிப்போயிட்டா. நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?”

“நானும்... கவலையாத்தான் இருந்தேன்.”

சோளக் காடு ஒன்று போனது, இன்னொன்று வந்தது. அவள் பேசவே இல்லை. வண்டியை ஓரங்கட்டி அவள் பக்கம் திரும்பினேன்.

“லவோன், என்னாச்சும்மா?”

“இண்டிகேட்டர் போடாம திருப்பிட்ட” என்று ஆரம்பித்தாள். வீடு வரும்வரை நிறுத்தவில்லை. நான் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டேன்.