பூசணி போட்ட பீரும் என் சின்ன மருமகளும்

என் சின்ன மருமகளுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் மூக்குதான் விழிக்கும். பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடிக்கப் போவதை அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் சொல்லிவிடுவாள். பீர் காய்ச்சும் இடத்தில் பாட்டில் கழுவத்தான் சேர்ந்தாள். அந்த மூக்கு அவளைக் கொதிகலன் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது.

"பொம்பளைக்கு பீர் காய்ச்சற வேலையா?" என்று என் நாத்தனார் முகத்தைச் சுளித்தாள்.

"காய்ச்சினதைக் குடிக்கறவங்க உன் வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்க. முதல்ல அவங்களைக் கேளு" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அங்கே அவளோடு காய்ச்சுகிற இன்னொருவருக்கு மீசை என்றுதான் பெயர். அவர் மீசையைப் பார்த்தவர்கள் வேறு பெயர் கேட்க மாட்டார்கள். இவளுக்கு அவர் வைத்த பெயர் பூசணி. காரணம், மஞ்சள் பூசணியைச் சுட்டுப் பீரில் போட வேண்டும் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றதுதான்.

"பீர்னா தண்ணி, பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட். அஞ்சாவதா ஒண்ணு உள்ள வந்தா அதுக்குப் பேரு கஷாயம்" என்பார் மீசை.

"ஹாப்ஸும் ஒரு காலத்துல புதுசா உள்ள வந்ததுதான் அண்ணே" என்பாள் இவள்.

ஹாப்ஸ் என்பது கசப்புக்காகப் போடும் பூ. பூவைப் போடலாமாம், காயைப் போடக் கூடாதாம். இது எந்த ஊர் நியாயம்? என்னை யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன், மீசையே வந்து கேட்டாலும் சொல்வேன்.

காய்ச்சுகிறவர்களுக்குத் தலைமையாக இருந்தவர் வேலையை விட்டுப் போனதும் முதலாளி இவளைக் கூப்பிட்டார். "உன் பூசணி பீரைக் கடைக்காரங்களுக்கு ஊத்திக் காட்டப் போறேன். அவங்களுக்குப் பிடிச்சா அந்த இடம் உனக்கு. பிடிக்கலைன்னா வெளியில பூசணி எசன்ஸ் விக்கறான், வாங்கி ஊத்திக்கறேன். நீ பாட்டில் கழுவப் போயிடு."

பூசணிகளை வெட்டிக் கொடுத்தது நான். அவள் சுட்டு, மசித்து, கொதிக்கும்போதே போட்டாள். புளித்து அடங்கியபின் முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு, "பூசணி எங்க?" என்றார். உண்மைதான். அந்தக் காய்க்குக் கூச்சம் அதிகம். கொதியில் போட்டால் நிறத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒளிந்துகொள்ளும்.

அங்கேதான் அவசரப்பட்டாள். இன்னும் கொஞ்சம் பூசணியைச் சர்க்கரையோடு கருகச் சுட்டு, வடிகட்டி, பாட்டிலில் அடைக்கும் அன்று பீரில் கலந்தாள். புளிக்க வைக்கும் ஈஸ்ட் வேலையை முடித்துச் செத்துவிட்டது என்று கணக்குப் போட்டாள். அது சாகவில்லை, பசியோடு படுத்திருந்தது. சர்க்கரை வந்ததும் எழுந்து உட்கார்ந்து தின்ன ஆரம்பித்துவிட்டது. தின்றால் வாயு வரும். மூடியோ இறுக்கமான மூடி. அந்த வாயு எங்கே போகும்?

விருந்தாளிகள் வரும் மாலை. கூடத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெட்டி பாட்டில். கடைக்காரர்கள் வந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கைவேலைக்கு உதவப் போயிருந்த நான் பின்பக்கம் அவளோடு இருந்தேன். சரக்கறையில் டப் என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தாள். ஒரு கண்ணாடிச் சில்லு மரக்கதவில் ஆணி மாதிரி இறங்கியிருந்தது.

கையை நீட்டி என்னைத் தடுத்தாள். "அத்தை, உள்ள வராதீங்க."

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். "என்ன சத்தம்?"

"பாட்டில் வெடிக்குது சார். எல்லாத்துலயும் வாயு ஏறியிருக்கு. கூடத்துல இருக்கறதும் வெடிக்கும். அவங்களை வெளிய அனுப்புங்க."

"ஒண்ணு வெடிச்சா எல்லாம் வெடிச்சிடுமா? வாயை மூடு. ஊத்தி முடிக்கறவரைக்கும் மூச்சு விடாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் கதவில் குத்தி நின்ற சில்லைப் பார்த்தாள். கூடத்தில் ஒரு கடைக்காரர் குனிந்து, மேசையடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவள் நடக்கவில்லை, பாய்ந்தாள். "அதைக் கீழ வைங்க! மெதுவா, மெதுவா. யாரும் பாட்டிலைத் தொடாதீங்க, எல்லாரும் வெளிய போங்க. இது நான் காய்ச்சினது, தப்பு என்னோடது. வெடிக்கும்!"

 நாற்காலிகள் உருண்டன, எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். முதலாளி என்னென்னவோ சொல்லிச் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மீசை. தலையில் ஹெல்மெட், உடம்பில் தடித்த ரப்பர் அங்கி. இன்னொரு ஹெல்மெட்டை இவள் தலையில் கவிழ்த்தார். "உன் பூசணியைப் பார்த்துச் சிரிக்கணும்னா பொறவு சிரிச்சுக்கறேன். குளிர்ல வெச்சா ஈஸ்ட் தூங்கிடும். தூக்கு."

ஒவ்வொரு பெட்டியையும் ஈரச் சாக்கால் மூடி, பிள்ளைத்தாய்ச்சியை நடத்துவதுபோல் குளிர் அறைக்கு நடத்தினார்கள். நான் குளிர் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் போகச் சொல்லிக் கத்தினாள், நான் போகவில்லை. பாதி வழியில் ஒரு பெட்டிக்குள் டப் என்றது. மீசை பிடியை இறுக்கினார். பெட்டி அசையவில்லை. சாக்கிலிருந்து பீர் ஒழுகியது, அதில் பூசணி மணத்தது. இத்தனை நாள் ஒளிந்திருந்த மணம் அப்போது பார்த்துக் கூடம் முழுக்க வந்தது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் ஆர்டரும் இல்லை. அடங்கிய பாட்டில்களைப் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் ஊற்றினாள். அழவில்லை, உதட்டை மட்டும் கடித்துக்கொண்டிருந்தாள்.

தலைமை இடம் மீசைக்குப் போனது. முதலாளி எசன்ஸ் கேனைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "இனிமே இதை ஊத்து. வெடிக்காது."

மீசை மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுத் தள்ளி வைத்தார். "இவ காயைப் போட்டா நான் சண்டை போடுவேன். இந்த சோப்புத் தண்ணிய ஊத்தச் சொன்னா நான் வேலையை விட்டுடுவேன். ரெண்டும் ஒண்ணு இல்ல சார்."

"நானும்தான்" என்றாள் இவள், பாட்டில் கழுவும் தொட்டியிலிருந்து.

இரண்டு பேரும் போனால் காய்ச்ச ஆளில்லை. முதலாளி கேனைத் தூக்கிக்கொண்டு போனார். இப்போது தலைமை மீசைதான், சம்பளமும் அவருக்குத்தான் அதிகம். மூலையில் இருக்கும், பீர் புளிக்க வைக்கும் சின்னத் தொட்டி இவளுடையது. சுட்ட பூசணியை, ஈஸ்ட் இன்னும் தின்றுகொண்டிருக்கும்போதே போட்டுவிடுகிறாள். கடைசிக் குமிழி அடங்கி, மேலும் பொறுத்துப் பார்த்த பிறகுதான் பாட்டில் பக்கமே போகிறாள்.

போன தடவை மீசை ஒரு தம்ளர் முழுக்கக் குடித்தார். "எப்படி அண்ணே?" என்றாள்.

"கஷாயம்" என்று சொல்லி, தம்ளரை மறுபடியும் நீட்டினார்.